வேலணைக் காணியும் கனடாக்காரரின் ஐ.சி. நம்பரும்

வேலணை, சரவணை, நாரந்தனை, புங்குடுதீவு என்று யாழ்ப்பாணத் தீவகத்தின் எந்த ஊருக்குள் போனாலும் ஆளில்லாத வளவுகள் வரிசையாக வரும். கல்வேலி சரிந்து, கிணற்றைச் சுற்றிப் பற்றை மண்டி, கூரை 1990களிலேயே போய்விட்ட வீடுகள். உரிமையாளர் ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பாரிஸிலோ இருப்பார். அவரை முகம் பார்த்து இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் ஒவ்வொருவராகக் காலமாகிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படி ஒரு காணி அவருக்குத் தெரியாமல் கைமாற என்ன வேண்டும்? அவருடைய பெயர், பழைய உறுதியின் இலக்கம், தேசிய அடையாள அட்டை எண். பெயர் ஊருக்கே தெரியும். உறுதி விபரத்தைக் கட்டணம் கட்டிக் காணிப் பதிவகத்தில் தேடி எடுக்கலாம். யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு அது. எண்ணோ எங்கும் கிடைக்கும்: எப்போதோ அனுப்பிய அற்றோணித் தத்துவத்தில், வங்கிப் படிவத்தின் போட்டோக் கொப்பியில், கொமினிகேசன் கடைக் கணினியில் அழிக்காமல் கிடக்கும் ஸ்கேன் கோப்பில். இவற்றோடு ஏறக்குறைய அதே வயதில் ஓர் ஆளும், லமினேட் செய்த ஒரு போலி அட்டையும் சேர்ந்தால் நொத்தாரிசுக்கு முன் போய் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் மோசடி உறுதிச் செய்தி இப்போது முன்பக்கத்தில் வருவதில்லை. அந்த அளவுக்குப் பழகிவிட்டது. குற்றம் செய்பவரைத் திட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். இந்தக் குற்றம் ஏன் இவ்வளவு சுலபம் என்று கேட்டால், 1972 முதல் நாங்கள் சட்டைப் பையில் கொண்டு திரியும் எண்ணிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அசையாச் சொத்தைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. எழுதிக் கொடுப்பவரை நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவரை அறிந்த சாட்சிகள் வேண்டும். அந்தச் சட்டம் வந்த காலத்தில் எவருக்கும் எண் இல்லை. ஆளை அறிந்த ஆள்தான் அத்தாட்சி. ஊரும் சாதியும் உறவும் ஒருவரை ஒருவர் கண்காணித்த அந்த ஒழுங்கில் ஆயிரம் குறை இருந்தது. ஆனால் ஊர்காவற்றுறையில் ஒருவர் இன்னொருவராக நடித்து வளவை எழுதிக் கொடுப்பது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். 1990, 1991 இடப்பெயர்வோடு அந்த அறிமுகம் சிதறியது. சாட்சியின் வாய்மொழி இருந்த இடத்தில் அட்டையின் கொப்பி வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டத்தின் சொற்கள் அப்போது மாறவில்லை. அவற்றைத் தாங்கி நின்ற ஊர் இல்லாமல் போய்விட்டது.

பழைய அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பள்ளிக்கூடப் பெடியனுக்கு எடுத்தது. தொழில் என்ற இடத்தில் 'மாணவர்'. முகவரியில் புங்குடுதீவின் ஒரு வட்டாரம். காலாவதித் திகதி கிடையாது. அந்தப் பெடியனுக்கு இப்போது அறுபது வயது, தலை வழுக்கை, கண்ணாடி. அந்தப் படத்தையும் எதிரில் இருக்கும் கிழவரையும் ஒப்பிட்டு இவர்தான் அவர் என்றோ அல்ல என்றோ எவராலும் சொல்ல முடியாது. ஆகவே படத்தை விட்டுவிட்டு எண்ணை எழுதிக்கொள்கிறார்கள்.

அந்த எண் எதைச் சொல்கிறது? 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்படி வந்த பழைய எண் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் பிறந்தார் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்படும். ஜூலை 18 பிறந்த ஆணுக்கு 200, பெண்ணுக்கு 700. எல்லா ஆண்டுக்கும் 366 நாள் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. லீப் அல்லாத ஆண்டில் பெப்ரவரிக்குப் பின் பிறந்தவர்களுக்கு நாட்காட்டியைவிட ஒன்று கூடி நிற்பது அதனால்தான். பிறகு மூன்று இலக்கத் தொடரிலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம். கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்'. 'வி' என்றால் வாக்காளர் என்றுதான் பொதுவாக விளக்கம் சொல்வார்கள்.

ஆக, பிறந்த திகதி தெரிந்த ஒருவரின் பழைய எண்ணில் உண்மையில் தெரியாமல் இருப்பது மூன்று இலக்கம் மட்டும். சரிபார்ப்பு இலக்கத்தை மற்றவற்றிலிருந்து கணக்குப் பண்ணி எடுத்துவிடலாம். ஆயிரத்துக்குள் ஒன்று. அந்தக் காலத்தில் நாட்டில் ஒரு நாளைக்குப் பிறந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர், ஆணும் பெண்ணும் சரிபாதி என்று வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு எழுதும் எண்கூட உண்மையான யாரோ ஒருவருடையதாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. 2016 முதல் எண் பன்னிரண்டு இலக்கமானபோது பாதுகாப்பு கூடிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். ஆண்டு இரண்டு இலக்கத்திலிருந்து நான்காகியது, தொடரிலக்கத்துக்கு முன் ஒரு பூச்சியம் வந்தது, எழுத்துப் போனது. பழைய எண்ணைப் புதியதாக மாற்ற ஒரு நிமிடம் போதும். 2000 ஆம் ஆண்டுக்குப் பிந்திய பிறப்புகளைப் பிரித்தறிவதற்கான நிர்வாக ஏற்பாடு அது. இரகசியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரகசியமாக இருக்கவும் வழியில்லை. 2020 மே மாதம் ஊரடங்கு தளர்ந்தபோது யார் எந்த நாளில் வீட்டைவிட்டு வெளியே போகலாம் என்பதை அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் தீர்மானித்தது. 2022 இல் எரிபொருளுக்கான கியூஆர் அட்டைக்கு அந்த எண் கேட்டார்கள். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கும் அதுதான். சிம் வாங்க, வங்கிக் கணக்குத் திறக்க, பரீட்சை எழுத, வேலைக்கு விண்ணப்பிக்க, சில இடங்களில் வாசல் கதவைத் தாண்டவும் அதுவே வேண்டும். காவலாளியின் சிஆர் கொப்பியில் பெயரும் எண்ணும் எழுதிக் கையெழுத்து வைக்கிறோம். நமக்கு முன் வந்தவரின் எண்ணையும் அதே பக்கத்தில் வாசிக்கிறோம். இத்தனை பேர் கையில் இருக்கும் ஒன்றைச் சொன்னவரையே அதன் சொந்தக்காரர் என்று ஏற்றுக்கொள்வது, வீட்டு இலக்கத்தைச் சொன்னவருக்குத் திறப்பைக் கொடுப்பது மாதிரி.

எண் இருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில் ஆளைப் பிரித்தறிய எண் வேண்டும். நயினாதீவில் ஒரே தலைமுறையில் எத்தனை நாகேஸ்வரிகள், எத்தனை நாகலிங்கங்கள்! இவர் எந்த நாகலிங்கம் என்ற கேள்விக்கு எண் பதில் சொல்லும். எதிரில் நிற்பவர் உண்மையிலேயே அந்த நாகலிங்கம்தானா என்ற அடுத்த கேள்விக்கும் அதே எண்ணைப் பதிலாக எடுத்துக்கொண்ட இடத்தில்தான் உலகம் முழுவதும் பிழை நடந்தது.

அமெரிக்காவில் இந்தப் பிழை ஒரு பேர்ஸில் தொடங்கியது. சமூகப் பாதுகாப்பு எண் 1936 இல் அறிமுகமாகிச் சில ஆண்டுகளுக்குள், பேர்ஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, அட்டை எப்படிப் பொருந்தும் என்று காட்டுவதற்காகத் தன் அலுவலகச் செயலாளரின் உண்மையான எண்ணையே மாதிரி அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு பேர்ஸுக்குள்ளும் வைத்து விற்றது. வாங்கியவர்களில் பலர் அதைத் தங்கள் எண் என்றே எண்ணிப் பயன்படுத்தினார்கள். 1943 இல் மட்டும் 5,755 பேர்; எல்லா ஆண்டையும் சேர்த்தால் 40,000 பேருக்கு மேல். அதன்பிறகும் அந்நாட்டு வங்கிகள் அந்த எண்ணைக் கடவுச்சொல் போலவே நடத்தின. 2017 இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் விபர நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14 கோடி 70 லட்சம் பேரின் விபரம் களவு போனது. எளிதில் மாற்ற முடியாத ஒன்றைச் சாவியாக வைத்திருந்ததன் விலை அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை தென் கொரியாவினுடையது. அங்கேயும் 1968. அந்த ஜனவரியில் வட கொரியக் கொமாண்டோக்கள் சியோலில் ஜனாதிபதி மாளிகையைத் தாக்க வந்தபின், ஒற்றரைப் பொதுமக்களிடமிருந்து பிரித்தறிய என்று குடிமக்களுக்கு எண்ணும் அட்டையும் கட்டாயமாயின. பின்னர் நிலைத்த பதின்மூன்று இலக்க எண்ணில் பிறந்த திகதி, பால், பதிவு செய்த பிரதேசத்தின் குறியீடு எல்லாம் வெளிப்படையாக இருந்தன. வட கொரியாவிலிருந்து தப்பி வந்து குடியேறியவர்கள் பலருக்கு ஒரே புனர்வாழ்வு நிலையம் இருந்த பிரதேசக் குறியீடு விழுந்தது. எண்ணைப் பார்த்தே ஆள் எங்கிருந்து வந்தவர் என்று சொல்லிவிடலாம். 2014 இல் மூன்று கடனட்டை நிறுவனங்களிலிருந்து சுமார் இரண்டு கோடிப் பேரின் விபரம் வெளியேறியது தெரியவந்தது. செய்தவர் வெளியிலிருந்து உடைத்து நுழைந்தவர் அல்லர். ஒப்பந்தத்தில் உள்ளே வேலை செய்தவர், யூஎஸ்பியில் கொண்டு போனார். 2015 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம், கசிந்த எண்ணை மாற்ற வழி வைக்காதது அரசமைப்புக்கு முரண் என்றது. 2017 மே முதல் மாற்றலாம் என்றானது. ஆனாலும் பிறந்த திகதியும் பாலும் எண்ணிலேயே நின்றன. 2020 அக்டோபர் முதல் வழங்கப்பட்ட எண்களில்தான் பிரதேசக் குறியீடு இல்லாமல் போனது. பழைய எண்ணில் தகவலை அடைத்து வைத்தால் அதை வெளியே எடுக்க அரை நூற்றாண்டு பிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

பிரதேசக் குறியீட்டின் வேலையைத் தீவகத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் எண்ணில் மாவட்டம் கிடையாது. அட்டை அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது. 2014 வரை வடக்கு, கிழக்கில் வழங்கிய அட்டைகளில் சிங்களமும் தமிழும் இருந்தன, மற்ற மாகாணங்களில் சிங்களம் மட்டும். ஆகவே வெள்ளவத்தையில் வீதித் தடையில் நிற்கும் இளைஞன் வாய் திறக்குமுன்பே அட்டையின் எழுத்து அவன் எங்கிருந்து வந்தவன் என்று சொல்லிவிடும். பிறந்த இடம் என்ற வரி மீதியைச் சொல்லும். 1990களில் வவுனியாவைத் தாண்ட அட்டை மட்டும் போதாது, பாஸ் வேண்டும். எத்தனை நாளுக்கு, எந்த எல்லைக்குள் என்று வகை வகையாகப் பாஸ் இருந்தது. அந்த முறை நடமாடும் சுதந்திரத்தை மீறுகிறது என்று உயர் நீதிமன்றம் 2002 இல் தீர்ப்பளித்தது. குடாநாட்டிலும் தீவுகளிலும் இருந்தவர்கள் ஆட்பதிவுத் திணைக்களத்தின் அட்டைக்கு மேல் படையினர் கொடுத்த இன்னோர் அட்டையையும் வைத்திருக்க வேண்டிய காலம் இருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது எடுத்துக்கொண்ட காலத்தையும் பலர் மறக்கவில்லை.

கொழும்பில் பாதுகாப்பான டிஜிட்டல் அடையாளம் பற்றிப் பேசுபவர் 'பாதுகாப்பு' என்று சொல்லும்போது களவைத் தடுப்பதை நினைக்கிறார். நெடுந்தீவிலிருந்து படகேறுபவருக்கு அந்தச் சொல் வேறு ஞாபகத்தைக் கொண்டு வரும். இரண்டு பயமும் நியாயமானவை, ஒன்றைத் தீர்க்கப் போய் மற்றதைப் பெருப்பிக்கக் கூடாது. தொழில்நுட்பத்தில் இதற்கு வழி இருக்கிறது என்பதுதான் இந்த விடயத்தில் நம்பிக்கை தருவது.

எஸ்தோனியா செய்ததைப் பார்க்கலாம். அங்கேயும் குடிமகனின் எண்ணில் பாலும் பிறந்த திகதியும் இருக்கின்றன. அதை யாரும் மறைப்பதில்லை, மறைக்கத் தேவையும் இல்லை. 2002 முதல் வழங்கும் அட்டையின் சிப்புக்குள் ஓர் இரகசியச் சாவி இருக்கிறது. அது சிப்பைவிட்டு வெளியே வராது. எதிர்த்தரப்பு ஒரு கேள்வியை அனுப்பும். அட்டைக்காரர் தன் பின் இலக்கத்தை அழுத்தினால் சிப் அந்தக் கேள்விக்கு மட்டும் பொருந்தும் ஒரு கையொப்பத்தைக் கணித்துத் திருப்பி அனுப்பும். அந்தக் கையொப்பத்தைக் களவெடுத்தவருக்கு அடுத்த தடவை அது உதவாது. 2017 இல் அந்தச் சிப்புகளில் பிழை இருப்பதைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது ஏறத்தாழ ஏழரை லட்சம் அட்டைகள் ஆபத்துக்குள்ளாயின. நவம்பர் 3 ஆம் திகதி பழைய சான்றுகளை இடைநிறுத்தினார்கள். மக்கள் வீட்டிலிருந்தபடியோ அலுவலகம் போயோ புதிய சாவியைப் பெற்றார்கள். எவருடைய எண்ணும் மாறவில்லை. எண்ணையும் சாவியையும் பிரித்து வைத்திருந்ததால் கெட்டதை மட்டும் எறிய முடிந்தது.

இலங்கையில் 2017 அக்டோபர் 27 முதல் வழங்கும் புதிய மும்மொழி அட்டை முந்தியதைவிட நல்ல அட்டை. படம் தெளிவு, போலி செய்வது கடினம், பார்கோட் இருக்கிறது. ஆனால் கொப்பி எடுத்தால் அதுவும் கடதாசிதான். அடுத்த கட்டமாகச் சொல்லப்படுவது இலங்கைத் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம். 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை. 2023 ஓகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணமாக வந்தது. முகம், கண்ணின் கருவிழிப்படலம், விரல் ரேகை மூன்றும் பதிவாகும். அடித்தளம் பெங்களூரில் உருவான 'மொசிப்' என்ற திறந்த மென்பொருள். தரவு இந்தியாவுக்குப் போய்விடும் என்று கொழும்பில் எழும் குரலில் அரசியல் கொஞ்சம் தூக்கல். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, உள்ளூரிலேயே அது எப்படி வைத்திருக்கப்படும் என்பது. 2023 இல் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று அரசாங்கத்தின் மின்னஞ்சல் வழங்கியைத் தாக்கியபோது சுமார் 5,000 அரச முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயே போய்விட்டன. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அஞ்சல் தொலைந்தால் திரும்பவும் எழுதலாம். கருவிழியின் பதிவு கசிந்தால் வேறு கண் வாங்க முடியாது.

மொசிப்பில் நல்ல அம்சங்கள் உண்டு. அது தரும் அடிப்படை எண் எதேச்சையானது. பிறந்த நாளும் பாலும் அதில் தெரியாது. அந்த எண்ணை வெளியே காட்டாமல் தற்காலிக மெய்நிகர் எண் ஒன்றைக் கொடுக்கலாம். வங்கிக்கு ஒரு குறியீடு, வைத்தியசாலைக்கு வேறொரு குறியீடு என்று பிரித்தால் இரண்டும் தங்கள் பட்டியலை வைத்து ஒருவரைச் சேர்த்துப் பின்தொடர முடியாது. இந்தியாவின் அடையாள முறையான ஆதாரும் 2018 இல் பதினாறு இலக்க மெய்நிகர் எண்ணைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே ஹோட்டல் வரவேற்பு மேசையில் போய்ப் பாருங்கள்: ஆதார் அட்டையின் கொப்பியைத்தான் கேட்பார்கள். வழி இருந்தும் பழக்கம் மாறவில்லை, ஏனெனில் எண்ணைக் கேட்பதற்குத் தடையும் தண்டனையும் நடைமுறையில் இல்லை. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் தரவு சேகரிக்கக் கூடாது என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாசலில் சிஆர் கொப்பியை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது எந்த நாளில் உறைக்கும் என்பது வேறு விடயம்.

விரல் ரேகையை எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்பவர்கள் தெலங்கானாவில் 2018 இல் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். சிம் விற்பனையில் இருந்த ஒருவர், பதிவுத் திணைக்களத்தின் இணையத்தில் பொதுவாகக் கிடந்த காணி ஆவணங்களிலிருந்து பெருவிரல் அடையாளங்களை எடுத்து, போலி ரேகை செய்து, அந்த ஆட்களின் ஆதாரில் சிம் இயக்கினார். காணி உறுதியில் பெருவிரல் வைப்பது நமக்கும் பழக்கம். மோசடியைத் தடுக்க வைத்த ரேகையே மோசடிக்கு அச்சாகிவிடும். ரேகையும் கடைசியில் ஓர் எண்தான். மாற்ற முடியாத எண், போகுமிடமெல்லாம் விட்டுவிட்டு வரும் எண்.

அதோடு தீவகத்தின் கைகளையும் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் வலை இழுத்து, நண்டு கழற்றி, கல்வேலி அடுக்கி, பனையோலை வார்ந்து தேய்ந்த விரல்கள். கண்ணாடியில் வைத்தால் இயந்திரம் மறுபடியும் மறுபடியும் வைக்கச் சொல்லும். இந்தியாவில் ரேசன் கடைகளில் கூலித்தொழிலாளரும் முதியவரும் பட்ட பாடு இதுதான். கண்புரை வந்தவருக்குக் கருவிழிப் பதிவும் ஒழுங்காக விழாமல் போகலாம். இயந்திரம் ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு அஸ்வெசுமக் காசு இல்லை என்று ஆகிவிடுமென்றால் பழைய லமினேட் அட்டையே புண்ணியம்.

அடுத்தது தொடர்பு. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காற்றும் கடலும் விட்டால்தான் அதுவும். மின்சாரம் தீவிலேயே டீசல் இயந்திரங்களில் பிறக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் அமைக்க 2024 மார்ச்சில் 1 கோடி 10 லட்சம் டொலர் இந்திய நன்கொடைக்கு ஒப்பந்தமானது. ஒவ்வொரு தடவையும் கொழும்பு வழங்கியைக் கேட்டுத்தான் ஆளை உறுதிப்படுத்த முடியும் என்ற முறை, வாடைக்காற்றுக் காலத்தில் இங்கே முதலில் படுத்துவிடும். அரசு தன் சாவியால் கையொப்பமிட்ட ஒரு கியூஆரை அட்டையிலோ தொலைபேசியிலோ வைத்திருந்தால், இணையம் இல்லாமலே ஒரு சாதாரணக் கைத்தொலைபேசி அது உண்மையானதா, திருத்தப்பட்டதா என்று பார்த்துச் சொல்லிவிடும். இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி அந்தச் சான்றை அமைக்கலாம். தீவில் குடியிருப்பவருக்கான சலுகைக் கட்டணம் என்றால் 'நெடுந்தீவு வதிவாளர், ஆம்' என்பது போதும். பிறந்த இடமும் வயதும் எண்ணும் படகுக்காரருக்கு எதற்கு? சோதனைச் சாவடியில் நிற்பவருக்கும் அவ்வளவே தெரிந்தால் போதுமா என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்க வேண்டும், மென்பொருள் எழுதுபவர் அல்ல. மையத்தைக் கேட்காமல் சரிபார்ப்பதால் யார் எப்போது எங்கே அட்டையைக் காட்டினார் என்ற நடமாட்டப் பதிவும் மையத்தில் சேராது. பாஸ் காலத்தைக் கண்டவர்களுக்கு இது சின்ன விடயம் அல்ல.

பதிவுக்குள் வரவே முடியாதவர்கள் தனிக் கதை. இடப்பெயர்வில் பிறந்து பிறப்புப் பதிவு பிந்தியவர்கள், கச்சேரியோடு ஆவணமும் அழிந்தவர்கள், உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்பவர்கள். இவர்களுக்கு இதுவரை கைகொடுத்தது 'விதானையார்' என்று ஊரில் இன்னும் சொல்லப்படும் கிராம அலுவலரின் கடிதம். இப்போதைய விதானையார் காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் போகிறவராகவும் இருக்கலாம். முன்னோரைப் போல் மூன்று தலைமுறையை அறிந்தவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கடிதத்தின் தர்க்கத்தை எறிந்துவிடக் கூடாது. ஆவணம் இல்லாதவரை ஏற்கெனவே பதிவானவர் ஒருவர் பொறுப்பேற்று அறிமுகப்படுத்தலாம் என்ற ஏற்பாடு ஆதாரிலும் இருக்கிறது. உறுதி எழுத வேண்டியிருந்த அந்த 'அறிந்த சாட்சி' தான் அது. சாட்சி யார், எத்தனை பேரை அறிமுகப்படுத்தினார் என்ற கணக்கு இப்போது கூடவே நிற்கும், அவ்வளவு வித்தியாசம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் எண்ணும் இருக்கிறது. ஆளைக் காணவில்லை என்று அரசே ஒப்புக்கொள்ளும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மார் அதை எடுக்கலாம். அந்த எண்ணை இறந்தவருடையதாகவும் அடைக்க முடியாது, வாழ்பவருடையதாகத் திறந்துவிடவும் முடியாது. புதிய முறையில் இதற்கென்று ஒரு மூன்றாம் நிலை வேண்டும்.

மறுபடியும் காணிக்கு வந்தால், இதில் கவனிக்காமல் விடப்படும் ஓட்டை ஒன்று தெரிகிறது. புதிய டிஜிட்டல் அடையாளம் குடிமக்களுக்கு. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதவர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி இலங்கைக் குடிமகன் அல்லர். கண்ணையும் விரலையும் கொடுத்துப் புதிய சாவியைப் பெற இந்த ஆள் வரப்போவதில்லை. ஆனால் போகும்போது விட்டுச் சென்ற பழைய எண் ஏட்டில் அப்படியே இருக்கிறது. அதன் பெயரில் வேலணையில் எட்டுப் பரப்புக் காணியும் இருக்கிறது. சிறந்த அடையாள முறை ஒன்று நாடு முழுவதும் வந்து முடிந்த பிறகும், மோசடிக்காரருக்கு மிக வசதியான எண்கள் இந்தப் புலம்பெயர்ந்தவர்களுடையவையாகவே இருக்கும். இவர்களில் வெளிநாட்டில் இறந்தவர்களின் மரணம் இங்கே பதிவாவதும் அரிது; ஏட்டில் அவர்கள் நூறு வயது தாண்டியும் வாழலாம், காணியும் விற்கலாம்.

ஆகவே தீவகத்துக்கு முதலில் தேவைப்படுவது புதிய எண்ணைக் கொடுப்பதைவிடப் பழைய எண்ணின் பல்லைப் பிடுங்குவது. 2009 வரையான போர்க்காலத்தில் காணியை விட்டுப் போனவர்களுக்கு எதிராக ஆட்சியுரிமைக் காலம் ஓடாது என்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. அத்துமீறி இருந்தவருக்கு எதிரான பாதுகாப்பு அது. ஆள்மாறாட்டத்துக்கு எதிரானது அல்ல. ஒருவர் தன் காணியின் பதிவேட்டுப் பக்கத்தில் 'நேரில் உறுதிப்படுத்தாமல் உறுதி பதிய வேண்டாம்' என்று குறிப்பு இடச்செய்ய வழி இருக்க வேண்டும். அதைத் தூதரகத்தில் தன் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டிச் செய்யலாம். எந்தத் திட்டம் பிந்தினாலும் தூதரகங்கள் இன்றைக்கே இருக்கின்றன. பழைய ஒன்பது இலக்க எண்ணில், இத்தனை ஆண்டாகப் புதுப்பிக்காத அட்டையோடு ஓர் உறுதி பதிவுக்கு வந்தால், அது நிறுத்தி வைக்கப்பட்டு உரிமையாளரின் முகவரிக்கு அறிவித்தல் போக வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவும் காணிப் பதிவும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழேயே இருக்கின்றன. அவர்களும் ஆட்பதிவுத் திணைக்களமும் ஒரு பட்டியலைப் பகிர்ந்துகொள்ள விரல் ரேகையும் வேண்டாம், இந்திய நன்கொடையும் வேண்டாம்.